கதவு திறக்காத வீடுகள்

துரித ஆய்வாளர் என்றொரு இனம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். ஓடுகிற வண்டியின் பின் இருக்கையில், மடியில் கணினியும் வாயில் பிஸ்கட்டுமாக, ஒரு காதில் மேலதிகாரியையும் மறு காதில் ஓட்டுநரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று மேலிடத்துக்குத் திடீரென்று சந்தேகம் வரும். சென்ற வருடமே வந்திருக்கலாம். வராது. பதில் தேவைப்படுவதற்குச் சற்று முன்னால்தான் கேள்வி பிறக்கும். அப்போது இந்த இனத்தில் ஒருவரைப் பிடித்துவந்து, "ஆழமா எல்லாம் வேணாம், சீக்கிரமா வேணும்" என்பார்கள். அவரும் தலையாட்டுவார். தலையாட்டத் தெரியாதவர் இந்த இனத்தில் சேர முடியாது.

நம் கதையில் வருகிறவளை அலுவலகத்தில் மின்னல் மேடம் என்பார்கள். புள்ளியியல் படித்தவள். படித்ததையெல்லாம் செய்தால் வேலை முடியாது என்பதையும் வேலைக்கு வந்து படித்துக்கொண்டவள். எந்த ஆய்வானாலும் முதல் நாளே அவளுடைய அறிக்கை தயாராகிவிடும். எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருப்பாள். கேள்வித்தாள் காலையில் புத்தகமாக இருக்கும், மதியம் துண்டறிக்கையாகும், மாலையில் மூன்று கேள்விதான் மிஞ்சும். அனுமதிக் கடிதம் வருமா? வரும். கள வேலை முடிந்த மறுநாள் வரும்.

இம்முறை வந்தது, முதியவர்களின் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸுகளின் திட்டம். தொடரலாமா, நிறுத்தலாமா? அதுதான் கேள்வி. மின்னலின் அப்பாவுக்கும் அப்படியொரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். தனியாக இருக்கும் மனிதர், காலில் ஆறாத புண், அதற்குக் கட்டு மாற்ற ஆள் வேண்டும். சொந்த அப்பா இருக்கும் தெருவுக்குத் தானே போவது முறையல்ல என்று மின்னல் வேறு ஆளை அனுப்பினாள். நேர்மையில் குறை சொல்ல முடியாது. அப்பாவை அவள் தினமும் வண்டியிலிருந்தே விசாரித்துவிடுவாள்.

"சாப்டாச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா..."

அந்த 'இல்லம்மா'வின் வால் எப்போதும் கொஞ்சம் நீளும். அதற்குள் வண்டி அடுத்த இடத்துக்கு வந்திருக்கும்.

களத்திலிருந்து ஒரு புகார் வந்தது. "பெல் அடிச்சா நிறைய வீட்ல யாரும் வர மாட்டேங்கறாங்க மேடம். நின்னு நின்னு கால் வலிக்குது."

"ரெண்டு தடவை அடிங்க. வரலையா, பக்கத்து வீட்ல வயசானவங்க இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு வந்துடுங்க."

எவ்வளவு நல்ல விதி! வேலை பறந்தது. முடிவும் பிரமாதமாக வந்தது. இந்த ஊர் முதியவர்கள் நன்றாக நடக்கிறார்கள். கதவைத் தாங்களே திறக்கிறார்கள். நர்ஸ் அவ்வளவாகத் தேவையில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எண்கள் காலி இடங்களில் போய் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தன. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். பாக்கி ஒன்றே ஒன்று: அட்டைக்குச் சிரித்த முகத்தோடு ஒரு முதியவர் படம்.

வழியில் இருக்கிற முதியவர் யார்? அப்பா.

அப்பா வீட்டுச் சாவி அலுவலக மேஜையில் கிடந்தது. மின்னல் மணி அடித்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். மீண்டும் அடித்தாள். பிறகு அவளுடைய கால்கள், யாரையும் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பின. பழக்கதோஷம்.

பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், வாசலில் கையை வீசிக்கொண்டு நின்றார்.

"வாம்மா! உங்க ஆபீஸ் பொண்ணு வந்தாளே. உங்கப்பா கதவைத் திறக்கலைன்னு எங்கிட்ட கேட்டுட்டுப் போனா. எனக்கு எதுக்கு நர்ஸுன்னு சொல்லிட்டேன். என் காலைப் பாரு, இரும்பு!"

மின்னல் அந்தக் காலைப் பார்த்தாள். தன் அறிக்கை முழுவதும் அந்தக் காலில்தான் நிற்கிறது என்று அப்போது புரிந்தது. அந்த நேரத்தில் பின்னால், மூடிய கதவுக்கு உள்ளே, நாற்காலியைத் தரையில் தள்ளித் தள்ளி வரும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்.

"வந்துட்டேன்... வந்துட்டேன்... போயிடாதீங்க."

கதவு திறந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "நீயா! அன்னிக்கும் யாரோ வந்து அடிச்சாங்க பாப்பா. நான் எழுந்து வர்றதுக்குள்ள போயிட்டாங்க. பாவம், என்ன அவசரமோ."

படம் எடுக்கவில்லை. வாசலிலேயே நின்று இயக்குநரைக் கூப்பிட்டாள். "சார், முடிவு தப்பு. கதவு திறக்காத வீடுகளுக்குத்தான் நர்ஸு வேணும். அங்கெல்லாம் திரும்பப் போகணும்."

"திரும்பப் போனா அது எப்படிம்மா துரித ஆய்வு?"

"எங்கப்பாவே கணக்குல விட்டுப்போயிருக்கார் சார்."

"அடடா. ஒண்ணு பண்ணு, ஆய்வின் வரம்புகள்னு கடைசில ஒரு பக்கம் வருமே, அதுல ஒரு வரி போட்டுடு."

போட்டாள். 'சில வீடுகளில் கதவு திறக்கத் தாமதமாயிற்று.' அட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். கூட்டத்தில் முதல் பக்கத்தைப் படித்துப் பாராட்டினார்கள், நர்ஸுகளை நிறுத்தினார்கள். கட்டு மாற்றும் வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவே, துரிதமாக.

மழைக்காலம் முடிவதற்குள் புண் புரையோடி உள்ளே போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்து அந்த ஒரு வரியைப் படித்தவர் உண்டா? உண்டு. எழுதியவளே. இன்னும் அவ்வப்போது எடுத்துப் படிக்கிறாள்.

வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது மணி அடித்துவிட்டு நிற்கிறாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் வரை நிற்கிறாள். ஓட்டுநர் தூங்கிவிடுகிறார். அறிக்கைகள் கெடு தாண்டிப் போகின்றன. அலுவலகத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள்: ஆமை மேடம்.

இதெல்லாம் ஆய்வு செய்கிறவர்கள் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? சரிதான். நேற்று ஊருக்கு ஃபோன் போட்டீர்களே, என்ன கேட்டீர்கள்? சாப்பாடு, மாத்திரை, வேறொன்றுமில்லையே. மூன்றுக்கும் நல்ல பதில். திருப்திகரம் என்று முடிவுகட்டி வைத்துவிட்டீர்கள். வைத்த பிறகும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவர் உங்கள் ஆய்வில் வரமாட்டார்.