பதினெட்டாவது கேள்வி

“செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்கு அட்மிட் ஆகிடுங்க. வெறும் வயிறு,” என்றார் டாக்டர்.

ரிஜெக்ட் சார் எழுந்திருக்கவில்லை. பம்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வால்வுகளைச் சோதிப்பவர். தேறியதைவிடத் திருப்பி அனுப்பியதே அதிகம். பெயர் அப்படி வந்தது. இப்போது அவருடைய இதயத்தின் வால்வே சுருங்கிவிட்டது. மாதம் முடிவதற்குள் நெஞ்சைத் திறந்து மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட்டால் ஆபத்து.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி, டாக்டர்.”

“ஏங்க,” என்று மனைவி முழங்கையைக் கிள்ளினாள்.

பதினேழு கேள்விகள் ஏற்கெனவே முடிந்திருந்தன. போன வருடம் எத்தனை ஆபரேஷன், எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள், தையல் யார் போடுவார், நடுவில் கரண்ட் போனால் என்ன. அவர் கையிலிருந்த கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் எதிரே டிக் விழுந்திருந்தது.

“இதே வால்வு உங்களுக்குக் கெட்டுப்போனா, யார்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்குவீங்க?”

டாக்டர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. பிறகு, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் நண்பரைச் சொன்னார்.

லிஃப்டில் மனைவி சொன்னாள்: “பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இவர்கிட்டயே பண்ணிக்கலாம்.”

“சப்ளையரே தன் வீட்டுக்கு வேற கடையில வாங்குறான். அந்தச் சரக்க நான் எடுப்பேனா?”

“இது சரக்கு இல்லைங்க, உங்க நெஞ்சு.”

“அதனாலதான் கேக்குறேன்.”

செவ்வாய்க்கிழமை வேறொருவருக்குப் போயிற்று.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டர் வெள்ளிக்கிழமை கொடுத்தார். பதினேழு டிக்கும் வாங்கினார். பதினெட்டாவதுக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

“நானா? ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அவங்க போட்ட தையலைப் பாத்தா பிரிக்கவே மனசு வராது.”

வெள்ளிக்கிழமையும் போயிற்று.

ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் படிகள். ரிஜெக்ட் சார் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

டாக்டரம்மா அவரைக் காகிதத்தை எடுக்கவே விடவில்லை.

“நீங்கதானா அது? ரெண்டு பேரும் போன் பண்ணிட்டாங்க. நேரா பதினெட்டுக்கு வாங்க.”

“முதல் பதினேழு...”

“வாங்க சார்.”

பதினேழையும் கேட்ட பிறகே பதினெட்டுக்கு வந்தார்.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். “எங்க மூணு பேரையும் உருவாக்கினவர் ஒருத்தர் இருக்கார். ரிடையர் ஆயிட்டார், இப்ப கத்தியத் தொடுறதில்ல. ஆனா யார் கை எப்படின்னு அவருக்குத்தான் தெரியும். போய்க் கேளுங்க. இன்னைக்கே கேளுங்க. உங்க வால்வு ரொம்ப நாள் காத்திருக்காது.”

பெரியவரின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சந்து முனையில் மனைவி வாயைத் திறந்தாள்.

“அவர் யாரைச் சொல்றாரோ அவர்தான். மறுபடி ஒரு கேள்வி கேட்டீங்க, நானே கத்திய எடுத்துருவேன்.”

“சரி.”

“எழுதிக் கொடுங்க.”

கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கதவைத் திறந்தவள் பெரியவரின் மனைவி. ரிஜெக்ட் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் கண்கள் விரிந்தன.

“மூணு பேர்கிட்டயுமா? பதினேழு கேள்வியா?”

“ஒருத்தர்கிட்டயும் ஒண்ணைக்கூட விடலைம்மா.”

அவள் அவர் கையிலிருந்த காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

“எழுந்து வாங்க! உங்க மூணு சிஷ்யங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தா மத்த ரெண்டு பேரும் கோவிச்சுக்குவாங்கன்னு ஆறு மாசமா நெஞ்சுல பழுதான வால்வ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு முடிவு சொல்ல ஆள் வந்தாச்சு!”