அண்ணாச்சிக்கு வசனம் எடுத்துக் கொடுத்த கதை

முப்பத்துமூன்று வருட அரசுப் பணியில் நான் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் ஒரு மனிதரை ஊரைவிட்டே அனுப்பியிருக்கிறேன். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, யாரும் கேட்காமல், முறைப்படி.

அவர் சிதம்பரதாணு அண்ணாச்சி. திருவனந்தபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தமிழிலும் மலையாளத்திலும் நாடகம் எழுதி, தாமே நடித்து, ஆயுளில் பாதிக்கு மேல் மேடையில் கழித்தவர். ஒருமுறை வித்துராவில் நாடகம். மற்ற நடிகர்கள் கல்லாற்றில் குளிக்கப் போன இடத்தில், மழையில் மரம் விழுந்து வழி அடைபட்டுவிட்டது. அண்ணாச்சி ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு மாமியார், மருமகள், சண்டையை விலக்க வந்த போலீஸ்காரர் மூன்று பேருமாக நடித்து முடித்தார். மருமகளாக நடித்த பெண்ணுக்குத் தனியாக ஒரு மாலை போட வேண்டும் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் அடம்பிடித்தார்களாம்.

போன வருடம் அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனார். பூனாவிலிருந்து மகள் பகவதி வந்துவிட்டாள். "அப்பாவுக்கு ஓர்மை குறையுது. கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். அண்ணாச்சி பேரம் பேசினார். எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் அவர் நாடகம் போடுவார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஓர் இடத்தில் வசனம் மறந்தாலும் மறுநாளே வீட்டைப் பூட்டிவிடலாம்.

சங்கத்தின் செயலாளர் நான். உதவாமல் இருப்பேனா?

"ஓய், உள்ளே இருந்து வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். பேருக்குத்தான். நான் ஒண்ணும் மறக்கமாட்டேன்" என்றார்.

"அந்தப் பொறுப்பை நான் ஏத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

அவர் கையெழுத்துப் பிரதி பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஓரத்தில் சிவப்புப் பென்சில் கிறுக்கல். நானே கம்ப்யூட்டரில் சுத்தப் பிரதி அடித்தேன். அலுவலகத்தில் வரைவின் ஓரத்தில் மேலதிகாரி குமாஸ்தாவுக்கான குறிப்பு எதையாவது எழுதுவார். அதைச் சுத்தப் பிரதியில் சேர்ப்பவன் குமாஸ்தா ஆகத் தகுதியற்றவன். ஆகவே சேர்க்கவில்லை. அடியில் "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மூலத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். (இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் வரும் பாருங்கள்.)

ஒத்திகையில் கடைசிக் காட்சியை அண்ணாச்சி நடிக்கவே இல்லை. "அது மேடையில்தான் வரும்" என்று விட்டுவிடுவார். அதுதான் அவர் வழக்கமாம்.

நாடகத்தில் அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். மகனிடமிருந்து கடிதம் வருகிறது. வீட்டை விற்றாயிற்று, அப்பா முதியோர் இல்லத்துக்குப் போகலாம் என்று. அவர் அதைப் படித்து மடித்து, "இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை" என்று கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

படித்தார். மடித்தார். பேசவில்லை.

எனக்கு வேர்த்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல, "இந்த விலாசத்தில்" என்றேன். அவர் அசையவில்லை. பாவம், காதும் போய்விட்டதே என்று சற்று உரக்கச் சொன்னேன். அப்போதும் அசைவில்லை. மூன்றாவது முறை நான் சொன்னது அரங்கத்துக் கடைசி வரிசையில் இருந்த என் மனைவிக்கே கேட்டிருக்கிறது.

அண்ணாச்சி திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கடிதம் கொண்டுவந்தவரிடம் திரும்பினார். "உள்ளே யாரோ விலாசம் கேக்காரு. ஆளில்லைன்னு சொல்லும்வே" என்றார். அரங்கமே சிரித்தது. அழ வேண்டிய காட்சி. முன்வரிசையில் பகவதி மட்டும் சிரிக்கவில்லை.

திரை விழுந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். கோபமாகக்கூட இல்லை. "ஓரத்தில 'பத்து மூச்சு மௌனம்'னு சிவப்பில எழுதியிருந்தேனே. பாக்கலையா?"

பார்த்திருந்தேன். சேர்க்காமல் விட்டவனே நான்தானே.

பகவதியிடம் ஓடினேன். "அப்பா மறக்கல்லை அம்மா. அது நடிப்பு. தப்பு என்மேலே."

"சாரமில்லை மாமா, விடுங்க. அப்பா மேல உள்ள ஸ்நேகத்துல சொல்லுதிய."

"நிஜமாத்தான். மௌனம்னு எழுதியிருந்தாரு."

"எங்கே, காட்டுங்க."

என் கையில் இருந்தது சுத்தப் பிரதி. அவள் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். மௌனம் எங்கேயும் இல்லை. சரிபார்க்கப்பட்டது என்று மட்டும் இருந்தது, என் கையொப்பத்துடன். மறுநாளே பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகத் தேடினேன். சரக்கு முந்தின வாரமே போய்விட்டதாம். அதற்கடுத்த நாள் அண்ணாச்சி ரயில் ஏறினார். நான்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது பேச்சு நடுவில் யோசிக்க நின்றால், "அப்பா, எடுத்துக் கொடுங்க" என்று என் மகன் சொல்வான். மருமகளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக அண்ணாச்சி வந்தார். பந்தியில் எல்லோரும் கேட்டுக்கொள்ள, அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். தபால்காரராகவும் அவரே, திரைக்குப் பின்னால் படிப்படியாக ஏறும் என் குரலாகவும் அவரே. (என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கே தெரியாது.) சிரிப்பில் தண்ணீர் தட்டிவிட்டு இலைகள் நனைந்தன. அரங்கம் சிரித்ததோடு அவர் கதையை முடித்துவிட்டார். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவில்லை.

அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.