உதைத்த பிறகே சேர்க்கை

அன்றைய வேலை இதுதான்: நெசவாளர் தெருவில் வீடு வீடாகப் போய், போர்டு பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்புக்கு ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பிடித்து வருவது.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் வகுப்பு நிரம்பாவிட்டால் வகுப்பும் போகும், என் வாத்தியார் வேலையும் போகும். எங்கள் குடும்பத்திலேயே முதல் பி.ஏ. நான். தறிக்குத் திரும்பலாமென்றால் கைப்பழக்கமும் விட்டுப்போயிருந்தது!

அங்கே பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "பெருமழை பேஞ்சுதே, அதுக்கு அடுத்த வருசமுங்க" என்பார்கள். ஆகவே பழைய சோதனைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது.

முதல் வீட்டுப் பையனுக்கு எட்டவில்லை.

"அவங்கப்பனாட்டமே மண்டை பெருசுங்க. கை என்னங்க பண்ணும்?" என்றாள் தாய்.

அடுத்த வீட்டுப் பையனுக்குத் தாராளமாக எட்டியது.

"ஆனா அனுப்ப மாட்டனுங்க. இவன் போயிட்டா தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்தறது யாரு? நீங்களா?"

மூன்றாவது வீட்டு வாசலில் ராமாயி என்ற சிறுமி. எவ்வளவு சொல்லியும் விழித்தாள். சரி, செய்து காட்டுவோம் என்று அவள் உயரத்துக்குக் குனிந்து, கையை வளைத்துக் காதைப் பிடித்தேன்.

படக்!

முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, கையை இறக்கவும் முடியவில்லை.

ராமாயியின் அம்மா வெளியே வந்தாள். "ஏனுங் சாமி, எங்க ஊட்டு முன்னால காதப் புடிச்சுட்டு நிக்கறீங்க? என்ன தப்புப் பண்ணுனீங்க?"

"முதுகு... முதுகுங்க..."

தெருவே கூடிவிட்டது.

"பிடிப்புங்க!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "கால் முன்னால வந்து பொறந்தவங்க ஒரு ஒதை ஒதைச்சா சரியாப்போயிரும். அட, நம்ம ராமாயி அப்படிப் பொறந்தவதானே!"

"ஏனுங்ணா, வாத்தியாரைக் காலால தொடறதா? பாவமுங்க!" என்று அம்மா பதறினாள்.

"அட நீ ஒண்ணு அம்மிணி! பள்ளிக்கூடத்துல சேந்தாத்தான் அவளுக்கு வாத்தியாரு. இப்ப வெறும் ஆளுதானே? சேக்கறதுக்கு முன்னால ஒதைச்சுரட்டும்!"

காதைப் பிடித்தபடியே மெல்ல நகர்ந்து, ராமாயிக்கு முதுகைக் காட்டினேன்.

உதைத்தாள். உயிர் போய் வந்தது. நிமிர்ந்துவிட்டேன்!

"ஒதைச்ச பாவத்துக்கு இனி இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பித்தான் ஆவோணும்" என்றாள் அம்மா, தலையில் அடித்துக்கொண்டு. ராமாயி காதைத் தொட்டுக் காட்ட, பதிவேட்டில் அதுவரை காலியாகக் கிடந்த 'பெண்கள்' பத்தியில் முதல் பெயர் ஏறியது.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஒரே கூச்சல்.

"நானும் ஒதைச்சுட்டுத்தான் சேருவேன்!"

தார் சுற்றுகிற பையன்கூட அழுது அடம்பிடித்து வந்திருந்தான். கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டிப் பார்த்தேன். கடைசியில், ஆளுக்கு ஒரு உதை, அதுவும் மெதுவாக என்று முடிவானது. ஆனால் விதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காதைத் தொடாதவனுக்கு உதை கிடையாது!

வகுப்பு நிரம்பியது.

ராசிபுரத்திலிருந்து ஜட்காவில் குலுங்கிக் குலுங்கி வந்த இன்ஸ்பெக்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பதிவேட்டைப் புரட்டினார்.

"பேஷ்! பெண் குழந்தைகள்கூடச் சேர்ந்திருக்கிறார்களே! ஸ்... அப்பா, இந்த இடுப்பு!"

முன்வரிசையில் ராமாயி எழுந்து நின்றாள்.

"ஏனுங் சாமி, இவரும் வாத்தியாருங்களா, இல்ல வெறும் ஆளுங்களா?"

"வாத்தியாருக்கெல்லாம் வாத்தியார், கண்ணு! உட்காரு! உட்காரு!" என்று அலறினேன்.

'மேலதிகாரிகளிடம் மிகுந்த மரியாதை உள்ள ஆசிரியர்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.