அரே அக்காவின் நீல பஸ்

கியூபெக்கின் வடகாட்டில் கரடிகளைக்கூட வரிசையில் நிறுத்தக்கூடிய மனுசி ஒருத்தி உண்டென்றால், அது எங்கள் அரே அக்காதான்.

இந்த மாகாணத்தில் தெருமுனை நிறுத்தப் பலகைகளில் பிரெஞ்சில் ‘அரே’, அதாவது ‘நில்’, என்று எழுதியிருக்கும். அக்கா நகரத்தில் எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிள்ளைகள் இறங்கும்போது பின்னால் நிற்கும் கார் சற்று நகர்ந்தாலும், ஜன்னலால் தலையை நீட்டி “அரே!” என்று ஒரு கத்துக் கத்துவார். காரோடு சேர்த்து, அடுத்த தெருவில் நடந்து போகிறவர்களும் நின்றுவிடுவார்கள்.

அவர் ஓய்வுபெற்றபோதே பஸ்ஸுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கிவிட்டார்.

“இவ்வளவு காலமும் இந்த நாலு தெருவையே சுத்தினது. பாவம், இனியெண்டாலும் ஊர் உலகத்தைப் பாக்கட்டுமன்” என்றார். பஸ்ஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

நான், உணவகச் சமையல்காரர் மோகன் அண்ணை, குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் சுகந்தி மூவரும் அந்த வசந்தம் முழுக்க பஸ்ஸுக்குள்ளேயே கிடந்தோம். நான்கு இருக்கைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கழற்றினோம். பின்னால் திரை போட்ட கட்டில்கள், நடுவில் காஸ் அடுப்பு. மஞ்சளை மறைத்து நீலம் அடித்தோம். ஓகஸ்டில் ஒரு காலை, லாக் சென்-ஜோன் ஏரியையும் தாண்டி வடக்கே போவதென்று புறப்பட்டபோது நாங்கள் கூவிய கூவலில் மாடிகளில் துணி காயப்போட்டவர்கள் எல்லாரும் கையசைத்தார்கள்.

நகரம் தாண்டும் முன்பே விளங்கிவிட்டது, பஸ்தான் மாறியிருக்கிறது, சாரதி மாறவில்லை.

“மோகன், கையை உள்ளுக்கு எடும்.”

“அக்கா, எனக்கு அறுபது வயசு!”

“அறுபது வயசுக் கை எண்டா முறியாதோ?”

காட்டுக்குள் ஒரு தண்டவாளம் குறுக்கிட்டது. அதன் நடுவில் மரமே முளைத்திருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பழக்கத்தில் அக்கா பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

“ஒருத்தரும் கதைக்கப்படாது. ரயில் வருதோ எண்டு கேக்கோணும்.”

“அந்த மரத்தை முறிச்சுக்கொண்டெல்லோ ரயில் வரோணும்!” என்றாள் சுகந்தி.

“வந்தா?”

மூச்சடக்கிக் கேட்டோம். நுளம்புதான் வந்தது.

அடுத்த வளைவில் வீதியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது ஒரு மூஸ் மான், பஸ்ஸின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும் உயரத்தில். ஓரத்தில் அதன் குட்டி. மோகன் அண்ணை சந்தோசத்தில் இருக்கை மேலேயே ஏறிவிட்டார். பின்னால் மரக்குற்றிகள் ஏற்றிய லொறி ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அக்கா ஜன்னலால் கையை நீட்டினார்.

“அரே!”

லொறி நின்றது. மூஸும் நின்றது.

“நீ இல்லையடி. நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ” என்றார் அக்கா. அது போனது.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் எங்களை விரல் நீட்டிச் சத்தமாக எண்ணுவார். மோகன் அண்ணைக்கு ஒருநாள் ரோசம் வந்துவிட்டது.

“நாங்கள் என்ன பாலர் வகுப்போ?”

அக்காவின் முகம் சுருங்கியது. “சரி, இனி எண்ணேல்லை.”

அன்றைக்குத்தான் நான் புளூபெரி பறிக்கப் போனேன். பற்றைக்குள் குனிந்திருந்தபோது பஸ் கிளம்பும் சத்தம். ஓடி வந்தேன். புழுதி மட்டும்தான் மிச்சம். திரைக்குப் பின்னால் நான் நித்திரை என்று நினைத்திருக்கிறார்கள். போனில் சிக்னல் இல்லை. என் காலடியில் கரடியின் சாணம் கிடந்தது. அதுவும் புளூபெரிதான் சாப்பிட்டிருந்தது. இன்னும் ஆவி பறந்தது.

வீதியின் நடுவில் நின்று, தெரிந்த தேவாரமெல்லாம் பெருங்குரலில் பாடினேன். பக்தியும்தான், கரடிக்கு எச்சரிக்கையும்தான். எவ்வளவு நேரம் போனதோ, தொண்டை கட்டிவிட்டது. பற்றைக்குள் ஏதோ முறிந்தது.

அப்போது வளைவில் நீலம் தெரிந்தது. பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது! ஒடுங்கிய மண்வீதி, இரண்டு பக்கமும் சதுப்பு. திருப்ப இடமில்லை. இடம் தேடிப் போக அக்காவுக்குப் பொறுமையும் இல்லை. வந்த தூரம் முழுவதையும் றிவேர்ஸிலேயே ஓட்டியிருக்கிறார். திறந்த பின்கதவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு மோகன் அண்ணை “இடமிருக்கு! இன்னும் இடமிருக்கு!” என்று கத்தினார். அவரை ஒருத்தரும் உள்ளே போகச் சொல்லவில்லை.

அக்கா இறங்கினார். ஏச்சுக்காகக் காத்திருந்தேன். அவர் என் இரண்டு கன்னங்களையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏறு பிள்ளை. சோறு ஆறுது.”

போன கிழமை அவர் போன் எடுத்தார். இந்த முறை லாப்ரடோர் பக்கமாம். “ரோட்டு இன்னும் மோசமாம், வாறியோ?” என்றார் உற்சாகமாக. எத்தனை நாள், எந்தப் பாதை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. முதலில் “ஓம் அக்கா” என்றேன். வேலைத்தளத்தில் லீவு கேட்டது பேந்துதான்.