நிலை கொள்ளாத எஞ்சினும் நாங்கள் இருவரும்

பெருமதிப்பிற்குரிய, ஆனால் பத்து மாதமாக முகமே காட்டாத மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் நலத்தை விசாரிப்பது முறை; விசாரித்துவிட்டேன். இங்கே ஒருவரும் நலமில்லை, நம் பழைய பெட்ரோல் டிராக்டர் உட்பட.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்று அப்பா உங்களைக் கேட்டாரே, அதற்கு டிராக்டர் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓவென்று அலறும், சாகப்போவதுபோல் முனகும், மறுபடி அலறும். வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய கவர்னர் பதவியில்தான் இருக்கிறார், ஆட்சி செய்வதில்லை. அவருக்கும், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கிறதல்லவா, அதன் வழியாகத்தான் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டு மனிதர்கள் பேசிக்கொள்ளும் லட்சணத்தில்தான் அவர்களும் பேசுகிறார்கள். அப்பா அந்தக் கம்பியை எஞ்சின் ஓடும்போதே திருகுகிறார். "மாமா எஞ்சினை நிறுத்தி, கை ஆக்ஸிலரேட்டரை முழுசாத் தள்ளி வச்சிட்டுத்தானே கம்பி நீளத்தைப் பார்ப்பாரு?" என்றேன். "உங்க மாமன் என்ன பெரிய இவனா?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு சுற்று இறுக்கினார், மூன்று சுற்று தளர்த்தினார், புகைக்குழாய் வெடித்த வெடியில் பக்கத்து வீட்டுக்காரர் தரையில் படுத்தேவிட்டார், குழாயின் மூடி பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்த அப்பாவின் கண்ணாடியும் கூடவே குளிக்கப் போனது, கண்ணாடி இல்லாமல் தடவியதில் கவர்னர் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிட, நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் குழந்தைகள்போல் தவழ்ந்தோம். எல்லார் நிலமும் உழுதாகிவிட்டது. நாங்கள் மட்டும் கொட்டகைத் தரையை உழுதோம்.

இதில் என் கைவரிசையும் உண்டு. நேற்று கொட்டகைக்குப் பின்னால் நின்று, உங்கள் மூக்குக் குரலில், "அத்தான், அரைச் சுத்து விடுங்க, போதும்!" என்று கத்தினேன். அப்பா ஸ்பேனரைப் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் வாசல்வரை ஓடினார். திரும்பி வந்ததும் விழப்போகும் அறைக்குக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அறையவில்லை மாமா. கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். நான் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். ஊரையே வாயால் வம்புக்கிழுப்பவள் நான்.

ஆகவே பழுது பெரியது, உங்களைத் தவிர யாருக்கும் அடங்காது, உடனே புறப்பட்டு வரவும். அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு வலிக்காமல் ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
நீங்கள் திட்டாததால் திருந்தாமல் இருக்கும்
மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ள பழுது நடுவில் சரியாகிவிட்டது. இன்று காலை அப்பா எஞ்சினை நிறுத்தி, நான் சொன்னபடியே செய்து, கம்பியைச் சரியாக வைத்துவிட்டார். வண்டி சீராக ஓடியது. "அப்ப மாமா வர வேண்டாம்ல? லெட்டரைக் கிழிச்சிடவா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எஞ்சினை அணைத்தார். கம்பியைக் கழற்றி, நிதானமாக நான்கு சுற்று திருகி, மறுபடி மாட்டினார்.

"எங்க சரியாச்சு? போ, தபால்ல போடு" என்றார்.