அக்காவின் நிக்காஹில் மூன்றாவது சேனல்

சத்தத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவனுக்குக் காது சரியாகக் கேட்காது. இதை நான் ஆராய்ந்து சொல்லவில்லை. மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், இரண்டு ஊர் ஜமாஅத்தார் முன்னிலையில், என் சொந்த அக்காவின் நிக்காஹ் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரூபித்துக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என்னை ஒயர் இருக்கும் இடத்துக்கு அருகில் உட்கார வைப்பதில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். புதுச்சேரியில் கல்லூரி முடித்துவிட்டு, அங்கேயே நண்பர்கள் மூவருடன் சேர்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தேன். (வாசித்தேன் என்பது என் வாக்குமூலம் மட்டுமே. மற்ற மூவரின் கருத்து வேறு.) பொம்மையார்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய ஆம்ப்ளிஃபயரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வால்வு வைத்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் மஞ்சளாக எரியும். ஒரு ஆள் தூக்க முடியாது, இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் திட்டு வாங்குவான், அப்படி ஒரு கனம். அந்த மாதிரிப் பெட்டியை மெதுவாக வைத்தால் அதன் குணம் தெரியாது. சத்தமாக வைத்தால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். அத்தா உப்பு வியாபாரி. எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு குடோன் இருந்தது. அங்கே மூட்டைகளையும் கொக்குகளையும் தவிர யாரும் இல்லை. ஆகவே பெட்டி என் பொறுப்புக்கு வந்தது, பெட்டியோடு நானும் வீட்டுக்கு வந்தேன்.

அதில் மூன்று சேனல்கள். கீழே ஒரு இரும்புப் பலகை, அதில் காலால் மிதிக்கும் மூன்று பொத்தான்கள், சேனலுக்கு ஒன்று. முதல் சேனல் சுத்தமானது. கம்பியில் என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்லும். இரண்டாவதில் கொஞ்சம் கரகரப்பு ஏறும், குரலுக்கு ஒரு கனம் வரும். மூன்றாவதுதான் அந்தப் பெட்டியின் பேரும் புகழும். கெயின், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவு, அவ்வளவு அதிகம். கம்பியைச் சும்மா தொட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். விரல் உரசும் சத்தத்தைக்கூட எடுத்து இடி முழக்கமாக்கிவிடும்.

எந்தப் பாட்டுக்கு எந்தச் சேனல் என்று பார்த்துச் சொல்லும்படி நண்பர்கள் கேட்டார்கள். நான் அதை ஒரு ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் குடோனில் உட்கார்ந்து ஒரே அடியை மூன்று சேனலிலும் மாற்றி மாற்றி வாசித்துக் கேட்பேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முடிவுகளை அறிவிப்பேன். "ரெண்டாவதுல அடிவயிறு இல்ல. மூணாவது லேசா மூக்கால பேசுது." அத்தா மீன் முள்ளை எடுத்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார்.

"மூணும் ஒரே இரைச்சல்தான். இதுல எது நல்ல இரைச்சல்னு கண்டுபிடிக்கவா இவன பி.எஸ்சி. படிக்க வெச்சேன்?"

ஆராய்ச்சியை மதித்தவள் ஷமீமா அக்கா ஒருத்திதான். குடோனுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து மூன்றையும் முழுதாகக் கேட்டாள்.

"மொத சேனல்ல நீ தப்பு பண்றது நல்லா தெரியுது. மூணாவதுல தெரியல. அதனாலதான்டா உனக்கு மூணாவது புடிக்குது" என்றாள்.

அதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. இதெல்லாம் பொம்பளைங்களுக்குப் புரியாது என்று நினைத்தேன். (நினைத்தேன் என்றா சொன்னேன்? வாய்விட்டே சொன்னேன்.)

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவானது. கோட்டக்குப்பத்துக்காரர், பேர் ஜாஹிர், ஷார்ஜாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். நல்ல குடும்பம். ஒரு குறைதான்: அவர் பேசவே இல்லை. ஃபோன் வரும். அவருடைய அம்மா பேசுவார், அண்ணன் பேசுவார், "தம்பி கூச்ச சுபாவம்" என்பார்கள். அவர் மட்டும் லைனுக்கு வரமாட்டார். செண்ட் பாட்டில் வந்தது, கைக்கடிகாரம் வந்தது, போட்டோ வந்தது. குரல் வரவில்லை. அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நிக்காஹுக்கு முந்தின நாள் மருதாணிக் கையோடு என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு மாதிரி இருக்குதுடா. வீட்ல கட்டாயப்படுத்தி பண்ணி வெக்கிறாங்களோ என்னமோ. அவரு மைக்ல ஒத்துக்கிட்டேன்னு சொல்றத நான் நல்லா கேக்கணும். குரல கேட்டா தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

எங்கள் பக்கத்து நிக்காஹில் பெண் மேடைக்கு வருவதில்லை. ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் பின்கூடத்தில், நடுவில் ஒரு சுவர், ஒரு வாசல், அதில் ஒரு திரை. பெண்ணிடம் முன்பே சம்மதம் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஒப்புக்கொள்வதை அவள் ஒலிபெருக்கியில்தான் கேட்கவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அக்கா அன்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். மைக்செட் செத்தது. உப்புக் காற்றில் உள்ளே என்ன அரித்ததோ, மைக்செட்காரர் தட்டினார், ஊதினார், திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். "மைக் இல்லாமலே ஓதிடலாம்" என்றார் நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத். திரையை லேசாக விலக்கி அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கவலை இருந்தது. என் மனதில் இருந்ததோ கொண்டாட்டம். மைக்செட் கெட்டதற்காக அந்த மண்டபத்தில் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

"அத்தா, நம்மகிட்ட ஆம்ப்ளிஃபயர் இருக்குது" என்றேன்.

அத்தா மறுப்பதற்குள் உப்பு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொண்டுவந்து பெட்டியைத் திரை வாசலில், பெண்கள் பக்கம் பார்த்து வைத்தேன். மைக் ஒயரின் முனை கித்தார் செருகும் துளையில் அளவெடுத்த மாதிரி நுழைந்தது. பொத்தான் பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார் ஹஜ்ரத்.

"வால்வு சூடாகணும் ஹஜ்ரத்."

மண்டபம் முழுக்க வால்வு சூடாவதற்காகக் காத்திருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "பால் பொங்கிச்சின்னா சொல்லுப்பா" என்றார்.

முதலில் ஜமாஅத் செயலாளர் வரவேற்றுப் பேசினார். முதல் சேனலில் தெளிவாகத்தான் கேட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளனின் காதுக்கு அந்தக் குரல் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தது. இரண்டாவதை மிதித்தேன். செயலாளரின் குரலுக்குத் திடீரென்று மீசை முளைத்தது. அவரே ஒரு நொடி நின்று தன் குரலைக் கேட்டார். பிடித்துப்போயிருக்க வேண்டும். முடிக்கப் போனவர் கல்வியின் அவசியத்தைப் பற்றி இன்னொரு தடவை பேசினார். யாரும் குறை சொல்லவில்லை. என் தலைக்கனம் ஏறியது அங்கேதான்.

ஹஜ்ரத் குத்பா பிரசங்கம் ஓதியபோது முதல் சேனலில் வைத்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. பிறகு அத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகளை நிக்காஹ் செய்து கொடுப்பதாகச் சொன்னார். ஹஜ்ரத் மைக்கை மாப்பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார்.

சத்தம் இல்லை.

மாப்பிள்ளையின் உதடு அசைகிறது. பெட்டியில் ஒன்றும் வரவில்லை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: குரல் சன்னமாக இருக்கிறது, கெயின் போதவில்லை. மூன்றாவதை மிதித்தேன்.

மின்விசிறி முதலில் வந்தது, ஹெலிகாப்டர் மாதிரி. அடுத்து ஹஜ்ரத்தின் மூச்சு. மேடை ஓரத்தில் யாரோ "பிரியாணி ஆறிடப் போவுது" என்று முணுமுணுத்தது பூதத்தின் குரலில் வந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை.

"ஏ... ஏ... ஏற்... ஏ..."

அவர் காதோரம் குனிந்திருந்த அண்ணனின் ரகசியம் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை உறுமியது.

"பதறாதடா ஜாஹிர். மூச்ச இழுத்து வுடு. என்கிட்ட எத்தன வாட்டி சொல்லிக் காட்டின, அதே மாதிரி சொல்லு. பொண்ணு வூட்டுக்கு உன் திக்குவாய் விஷயம் தெரியாது. சீக்கிரம் சொல்லி முடிச்சிடு."

தெரிந்துவிட்டது. பெண் வீட்டுக்கும், பெண்ணுக்கும், சமையல் கட்டுக்கும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காது மடல் சிவந்துபோனது. பல மாதங்களாக அவர் ஏன் ஃபோனுக்கு வரவில்லை என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், முன்கோபக்காரர், மேடைக்கு ஒரே தாவு தாவி மைக் அருகில் நின்றார்.

நான் சேனலை மாற்றத்தான் பார்த்தேன். பதற்றத்தில் எது எந்தப் பொத்தான் என்று தெரியாமல் மிதித்துக்கொண்டே போனேன். "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மாமா முதல் சேனலில் தெளிவாகக் கேட்டார். "எங்கள என்ன கேனயன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார் இரண்டாவதில், கனமாக. "இந்த நிக்காஹ் நடக்காது!" என்பது மூன்றாவதில் வந்தது. பின்கூடத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அந்தப் பெட்டியின் மூன்று சேனல்களையும் ஒரே குரலில், ஒரே ஆளை வைத்து முறையாக ஒப்பிட்டது என் வாழ்க்கையில் அன்று ஒரு முறைதான். நண்பர்களுக்கு நான் எழுதித்தர வேண்டிய முடிவு முழுவதும் அதில் இருந்தது.

கடைசியில் ஒயரைப் பிடுங்கினேன். காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது. அத்தா இன்னும் மாப்பிள்ளையின் கையை விடவில்லை. விடுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. நான் அக்காவின் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அக்கா பேசினாள். எங்கள் ஊரில் மணப்பெண்ணின் குரலை ஆண்கள் கூடத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"மாமா, உக்காருங்க. அத்தா, அவர் கைய வுட்டுடாதீங்க. அவரு நிதானமா சொல்லட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாமா உட்கார்ந்தார். ஹஜ்ரத் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க மாப்பிள்ள, அவசரமே இல்ல" என்றார். யாரோ எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்கள்.

அவர் சொன்னார். முதல் எழுத்தில் நின்றார், மூச்சு வாங்கினார், திரும்ப அதே எழுத்துக்கு வந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. பிரியாணியைப் பற்றி யாரும் பேசவில்லை. "ஏற்றுக்கொண்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தை முழுதாக வெளியே வந்தபோது ஹஜ்ரத்துக்கே கண் கலங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது.

வலீமா விருந்து முடிந்த மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"கட்டாயத்துக்கு பண்றவரு ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பாடுபட மாட்டாருடா. எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

ஜாஹிர் மச்சான் லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். குடோனுக்குக் கூட்டிப்போனேன். மூட்டை மேல் உட்கார்ந்து மூன்று சேனலையும் பொறுமையாகக் கேட்டார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். என்ன செய்வது, பழக்கதோஷம்.

"மூ... மூணும் நல்லாத்தான் இருக்குது மச்சான்" என்றார். "நீ... நீதான் சரியில்ல."

அதற்குப் பிறகு என் நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளும் நேரத்தில் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அடுத்து சித்தப்பா மகனுக்கு, மாமா மகளுக்கு. யாரும் தீர்மானம் போடவில்லை, அப்படியே வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு நிக்காஹில் அந்த ஒரு வார்த்தைக்கு மைக் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. எல்லோரும் வியர்த்துக்கொண்டு காது கொடுத்து உட்கார்ந்திருப்போம்.

போன வருடம் அக்கா மகளுக்கு நிக்காஹ். மகளைக் கொடுக்கவேண்டியவர் மச்சான். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஹஜ்ரத், மைக்கை அணைப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, இதற்கு ஏதாவது காரணம் உண்டா என்று விசாரித்தார். பெரியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஒருவர் இது முன்னோர் காலத்து ஏற்பாடு என்றே சாதித்தார். மச்சான் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

"இ... இந்த வழக்கத்த ஏற்படுத்தின பெரியவரு அதோ இருக்காரு ஹஜ்ரத். அவரு கா... கால மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."