என்ஜினுக்குப் பந்தி பரிமாறிய அண்ணாச்சி

கார் என்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகக் கார் வைத்திருப்பவர்களோடு சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் தச்சநல்லூர் பந்தி அண்ணாச்சிதான். வேறு ஊரில் இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டு வருகிறேன். இருக்க மாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். வாக்காளர் அட்டையைத் தாண்டி அது புழங்கவில்லை. வாலிபத்தில் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறியவர். பிறகு லாரிகளின் டீசல் பம்பைச் சரிபார்க்கும் பட்டறையில் கைபழகினார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு லேப்டாப் வாங்கி, டர்போ மாட்டிய கார்களுக்குள் எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று திருத்தும் வேலைக்கு வந்தார். தொழில்தான் மாறியது, பேச்சு பந்தியிலேயே நின்றுவிட்டது.

டர்போ என்றால் என்ன என்று அவரிடம் யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"காத்துதான் வே விருந்தாளி. சாதா வண்டியில நூறு பேரு வருவான். டர்போங்கது காத்தை அமுக்கி உள்ள தள்ளுத சாமான். அதை மாட்டினா நூத்தம்பது பேரு வந்து நிப்பான். நீரு நூறு பேருக்குத்தான் ஒலை வச்சிருக்கீரு. மிச்சம் அம்பது பேரும் வெறும் இலையைப் பாத்துக்கிட்டா இருப்பான்? பந்தலைப் பிரிச்சிருவாம்லா."

பந்தலைப் பிரிப்பது என்றால் பிஸ்டன் உருகுவது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறி, என்ஜின் டங் டங்கென்று தட்ட ஆரம்பிக்கும். அப்புறம் மூட்டையில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் புத்தகத்தில் என்னென்னவோ பெயர் இருக்கிறது. அண்ணாச்சிக்கு ஒரே பெயர்தான்: "இலை காயுது."

தன் ஷெட்டுக்குள் தரையில் இரண்டு இரும்பு உருளைகளைப் பதித்திருப்பார். மூடிப்போன மில் ஒன்றில் எடுத்தவை. காரின் சக்கரங்களை அதன்மேல் ஏற்றிச் சங்கிலியால் கட்டிவிட்டால், கார் நின்ற இடத்திலேயே ஓடும். அந்த உருளைகளுக்குப் பந்திப்பாய் என்று பெயர். பக்கத்தில் ஒரு ராட்சத மின்விசிறி, இரண்டு தீயணைப்பு உருளை. எந்த வண்டி வந்தாலும் முதலில் பெட்ரோல் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். "நான் மோக்காம சாவியைத் திருப்பாதேயும்" என்பது முதல் உத்தரவு. இரண்டாவது, "சாப்பிட்டீரா?" அது உபசாரம் இல்லை. "பசிச்சவன் அவசரப்படுவான், அவசரப்பட்டவன் மிதிச்சிருவான்" என்று எதிர்க் கடைக்கு அனுப்பி, கை கழுவிய ஈரத்தோடு வந்தால்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கார் பந்திப்பாயில் ஏறியாயிற்று. சென்னைக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி லேப்டாப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "பைய எடுங்க" என்றார். நமக்குப் பைய என்றால் மெதுவாக. வந்தவர் பின்சீட்டில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பைய, பைய" என்றார் அண்ணாச்சி.

"எடுத்துட்டேன் சார்."

"எங்க எடுத்தீரு? வண்டி உறுமவே இல்லியே. சரி, இப்பம் பைய விடுங்க, மறுபடி பாப்போம்."

சென்னைக்காரர் ஜன்னல் வழியாகப் பையைக் கீழே விட்டார். அதற்குள் ஒரு கண்ணாடித் தண்ணீர்ப் புட்டி இருந்திருக்கிறது. மறுநாள் ஷெட் சுவரில் 'பைய என்றால் மெதுவாக. வெளியூர்க்காரர் கவனிக்கவும்' என்று பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் டர்போ மாட்டிய கார் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் அது. தினமும் அதில்தான் போய்வருவாள். நான் ஒரு வாரம் சர்வீஸ் என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோய், கூட்டாளி ஒருவன் கைவரிசையில் டர்போவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்தாறு கார்களில் பாபநாசம் போவதாக இருந்தது. அதற்குள் முழு வேகமும் கிடைக்கிற மாதிரி திருத்தி வாங்கி, கூட்டத்தில் நான்தான் ராஜா என்று காட்ட வேண்டும்.

அண்ணாச்சி மோந்து முடித்துவிட்டு, "யாரு ஓட்டுதா?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணாச்சி."

கதவைத் திறந்து சீட்டில் உட்காரப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"நீரு பனைமரம் கணக்கா இருக்கீரு. காலை மடக்கித் தோள்ல போட்டுக்கிட்டா ஓட்டுவீரு?"

நான் சீட்டைப் பின்னுக்குத் தள்ளக் கையை நீட்டினேன்.

"வீட்டுல ஓட்டுதாவளா?"

"ஆமா."

"டர்போ இருக்குன்னு தெரியுமா?"

"சர்வீஸ்னு சொல்லியிருக்கேன்."

அண்ணாச்சி லேப்டாப்பை மூடினார். "ஓட்டுத தாயியைக் கூட்டிட்டு வாரும். யாரு சாப்பிடப் போறான்னு தெரியாம நான் கரண்டியைத் தொட மாட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவளை அழைத்துப் போனேன். ஷெட்டில் கால் வைத்ததும் அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னாள்:

"இவுக சர்வீஸ்னுதான் சொன்னாவ அண்ணாச்சி. சர்வீஸ் பண்ணின வண்டி விசிலடிக்குமா? நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"வேற என்ன செய்யுது தாயி?"

"பைபாஸ்ல லாரியைத் தாண்டையில நல்லா மிதிச்சா, பாதி வழியில சோந்து போயி ஒரு குலுங்கு குலுங்குது. நேத்து ரெண்டு லாரிக்கு நடுவுல அப்படி ஆச்சு. பின்னால வந்தவன் விடாம ஆரன் அடிக்கான். காலை எடுத்து மறுபடி வச்ச பொறவுதான் வண்டி நகந்துச்சு."

இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அண்ணாச்சி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளையே ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று காட்டும் சின்ன மீட்டரை அவள் கண்ணெதிரே ஒட்டினார். "டர்போ வேலை செய்யையில இது பதினொண்ணரைக்குப் பக்கத்துல நிக்கணும் தாயி. கீழ ரொம்பப் போனா எச்சில் இலைதான், எரியாம மிஞ்சுத பெட்ரோலு ஆயிலைக் கழுவிக்கிட்டுப் போயிரும். பன்னெண்டரையைத் தாண்டிச்சுன்னா காலை எடுத்துரு. பைய மிதி."

அவள் பைய மிதித்தாள். உருளை சுற்றியது, மின்விசிறி அலறியது. தரம் பார்க்கிற பிரிவு அல்லவா, எண்களை அலுவலகத்தில் போலவே வாசித்தாள்.

"பதினொண்ணு புள்ளி ஆறு. பதினொண்ணு எட்டு. பன்னெண்டு. பன்னெண்டு ஆறு." காலை எடுத்துவிட்டாள்.

கணினியில் பெட்ரோலைக் கூட்டினார் அண்ணாச்சி. மறுபடியும் அதே இடத்தில் அதே கதை. பெட்ரோல் குழாயில் அழுத்தமானியைச் சொருகினார். வேகம் ஏற ஏற அதன் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏன் வே, டேங்குக்குள்ள இருக்கது பழைய பம்புதானா?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

"நூறு பேருக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். நான் கரண்டியை எவ்வளவு நேரம் சாய்ச்சாலும் வாளியில சாம்பாரு வேணும்லா."

புதுப் பம்பு வர இரண்டு வாரம் ஆகும் என்றார். அதுவரை டர்போ தள்ளும் காற்றைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் விடுங்க அண்ணாச்சி. நான் பாத்து ஓட்டுதேன். போதும்னு நானே சொல்லுதேன்லா."

"நான் இலையைப் பாத்துப் பரிமாறுதவன் வே. வாயைப் பாத்து இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நான் பாபநாசத்துக்கு நண்பன் காரின் பின்சீட்டில், புளியோதரைத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பம்பு வந்தது. கூடவே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக மாற்றினார். 'பெரிய கரண்டி' என்று அவற்றுக்குப் பெயர். காற்றைப் பைசா பைசாவாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இயர்போனில் என்ஜின் தட்டுகிறதா என்று கேட்டு, அரை நாள் எடுத்துக்கொண்டார். மீட்டர் பதினொன்றரையில் அசையாமல் நின்றது. அதற்கு மேலும் கொஞ்சம் பெட்ரோல் கூட்டினார்.

"போதுமே அண்ணாச்சி" என்றேன்.

"போதும்னு சொன்ன பொறவு ஒரு கரண்டி உண்டும்லா. சித்திரை வெயிலு இருக்கு, கலப்படப் பெட்ரோலு இருக்கு. அதுக்கு."

திங்கட்கிழமை காலை, ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துப் புறப்படும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "கங்கைகொண்டான் போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு தாயி. லாரியைத் தாண்டையில எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

ஒன்பது மணிக்கு அவள் போன் போட்டாள். குலுக்கலே இல்லை, வெண்ணெய் மாதிரி போகிறது என்று சொல்லியிருக்கிறாள். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும். அண்ணாச்சி முழங்கால் வலியில் ஷெட்டை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்ட பிறகும் அது நிற்கவில்லை. பேச்சு அரை நிமிடம்கூட இருக்காது. "சேந்துட்டேன் அண்ணாச்சி." "சரி தாயி."

போன பொங்கலுக்கு மறுநாள் ஒன்பதேகாலுக்கு என் போன் அடித்தது.

"என்ன வே, இன்னும் தாயி கூப்பிடலியே?"

"இன்னிக்கு லீவு அண்ணாச்சி. அடுப்பங்கரையில நிக்கா."

"அப்படியா. அதைச் சொல்லலாம்லா" என்று வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் அவர் மூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்போதெல்லாம் லீவு நாட்களில் ஒன்பது மணி ஆவதற்கு முன்பே நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.